இடுப்பு மூட்டுக்கு வி.ஏ. மறுத்துவிட்டதா? மேல்முறையீட்டுக்கு ஒரு வழிகாட்டி

முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க வெட்டரன்ஸ் அஃபேர்ஸ் துறை, எல்லோரும் சொல்கிறபடி வி.ஏ., இடுப்பு மூட்டுக்கான இழப்பீட்டுக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தால் அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கும். மருத்துவர் எழுதாமல் விட்ட ஒரு வரியாக இருக்கலாம். பரிசோதகர் அளக்காமல் விட்ட ஒரு அசைவாக இருக்கலாம். கோப்பில் சேராமல் போன ஒரு பழைய மருத்துவச் சீட்டாக இருக்கலாம். அது எது என்று கண்டுபிடித்து அதை அடைப்பதுதான் மேல்முறையீடு. நடந்த அநியாயத்தைப் பத்துப் பக்கத்துக்கு எழுதி அனுப்புவதால் கோப்பு நகராது. வலியோடு வாழ்கிறவர்கள் அதைத்தான் முதலில் செய்யத் துடிப்பார்கள், அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முதல் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக உட்காருங்கள்.

இது நம்மவர்களுக்கு எட்டாத தூரத்தில் நடக்கும் விஷயம் இல்லை. 2009-இல் தொடங்கிய மாவ்னி திட்டத்தின் வழியாக, மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்கள் அமெரிக்கப் படையில் சேர முடிந்தது. படைக்குத் தேவையான மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-இல் அந்தத் திட்டத்தில் ஆளெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்களும், அங்கேயே பிறந்து வளர்ந்து படைக்குப் போன பிள்ளைகளுமாக இப்போது தமிழ்க் குடும்பங்களிலும் முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள். முதுகில் பெரிய சுமையோடு மைல்கணக்கில் நடந்தது, பாராசூட்டில் குதித்து இறங்கியது, கெட்டித் தரையில் ஓடியது எல்லாம் இருபது வயதில் தெரியாது. நாற்பதை நெருங்கும்போது தொடை இடுக்கில் தெரியும்.

முதல் வேலை: கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படிப்பது

கடிதத்தின் மேலே இருக்கும் தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து ஒரு வருடம் உங்களுக்குக் கெடு. கடிதம் உங்கள் கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அப்புறம், உள்ளே ஓர் இடத்தில் 'ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். உங்களுக்குச் சாதகமாக வி.ஏ. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விஷயங்கள் அங்கே வரிசையாக இருக்கும். மறுப்புக் கடிதம்தானே என்று இதை யாரும் படிப்பதில்லை. ஆனால் முழுக் கடிதத்திலும் உங்களுக்கு மிகவும் உதவக்கூடிய இடம் அதுதான். அங்கே ஒப்புக்கொண்டதைப் பின்னால் வருகிற அதிகாரி, அது தெளிவான பெரும்பிழை என்று காட்டினாலொழிய, மாற்ற முடியாது. ஆக, 'இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருப்பது உறுதி' என்று அங்கே எழுதியிருந்தால், அதை நிரூபிக்க இன்னொரு எக்ஸ்ரேக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

இழப்பீடு கிடைக்க மூன்று விஷயங்கள் சேர வேண்டும். இன்றைக்கு ஒரு பாதிப்பு இருக்க வேண்டும். பணிக்காலத்தில் ஒரு காயமோ நிகழ்வோ நோயோ இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து வேண்டும். அதைத்தான் நெக்ஸஸ் என்கிறார்கள். கடிதத்தில் உள்ள காரணத்தை இந்த மூன்றில் ஒன்றோடு பொருத்திப் பாருங்கள். 'பணிக்கால மருத்துவப் பதிவுகளில் இடுப்பு மூட்டு பற்றிய புகார் இல்லை' என்றால் இரண்டாவது இல்லை. 'தற்போதைய நிலை பணியோடு தொடர்புடையது என்பதற்கு ஆதாரம் இல்லை' என்றால் மூன்றாவது இல்லை. தொடர்பை ஒப்புக்கொண்டு, இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கும் பாதிப்புச் சதவீதத்தை மட்டும் குறைவாகப் போட்டிருந்தால் அது வேறு சண்டை. அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கோப்பைக் கேட்டு வாங்குங்கள்

வி.ஏ. உங்களைப் பற்றி வைத்திருக்கும் மொத்தக் கோப்புக்கு சி-ஃபைல் என்று பெயர். 20-10206 படிவத்தில் கேட்டால் தருவார்கள். வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் கடிதம் கிடைத்த வாரமே கேட்டுவிடுங்கள். அதில் முக்கியமாகத் தேட வேண்டியது சி அண்ட் பி பரிசோதனை, அதாவது கோரிக்கையை முடிவு செய்ய வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனையின் அறிக்கை. உங்களைப் பார்த்த பரிசோதகர் என்ன எழுதினார் என்பது தெரியாமல் மேல்முறையீடு செய்வது இருட்டில் துழாவுவதுதான்.

பணிக்காலச் சீட்டுகளைப் படிக்கும்போது 'ஹிப்' என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். இடுப்பு மூட்டின் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் தெரியும். சிலருக்குத் தொடையின் முன்பக்கத்திலும், சிலருக்கு முட்டியிலும்கூடத் தெரியும். அதனால் படை மருத்துவ உதவியாளர் 'கிராயின் ஸ்ட்ரெயின்' (தொடை இடுக்குத் தசைப் பிசகு) என்றோ தொடைத் தசைப்பிடிப்பு என்றோ எழுதி, வலி மாத்திரை கொடுத்து, இரண்டு வாரம் ஓட வேண்டாம் என்று ப்ரொஃபைல் என்கிற கட்டுப்பாட்டுச் சீட்டு போட்டு அனுப்பியிருப்பார். பயிற்சிக் காலத்தில் தொடை எலும்பின் கழுத்தில் வரும் அழுத்த முறிவும் இப்படித்தான் தொடை இடுக்கு வலியாகத் தொடங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் பிடிபடும். ஆகவே கோப்பில் 'இடுப்பு மூட்டுப் புகார் இல்லை' என்று வி.ஏ. சொன்னாலும், அந்தப் புகார் வேறு பெயரில் அங்கேயே கிடக்கலாம். அப்படி ஒரு சீட்டு கிடைத்தால், இது அந்த மூட்டின் வலிதான் என்று உங்கள் எலும்பு மருத்துவர் விளக்கி எழுத வேண்டும். சீட்டை மட்டும் அனுப்பினால் பழைய முடிவுதான் திரும்ப வரும்.

சீட்டே இல்லையென்றால்? படையில் வலியைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள்தான் அதிகம். 2006-இல் வந்த புக்கானன் வழக்கின் தீர்ப்பு இதற்குத் துணை நிற்கிறது: அந்தக் காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் சொல்வதை நம்பத்தகாதது என்று தள்ளிவிடக் கூடாது. கூடப் பணியாற்றியவர், அப்போது உடனிருந்த மனைவி அல்லது கணவர், விடுப்பில் வந்தபோது நொண்டி நடந்ததைப் பார்த்த அம்மா, யார் வேண்டுமானாலும் 21-10210 படிவத்தில் தாங்கள் கண்ணால் கண்டதை எழுதித் தரலாம். வீட்டுப் பெரியவர்கள் தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள். 'அவனுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது' என்று அம்மா எழுதினால் அதற்கு மதிப்பில்லை, அது மருத்துவர் சொல்ல வேண்டியது. 'மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கைப்பிடியைப் பிடித்து நின்றான், வலது காலை இழுத்து இழுத்து வைத்தான்' என்று எழுதினால் அதற்கு மதிப்பு உண்டு.

நெக்ஸஸ் கடிதம்

என் பார்வையில் மொத்த வேலையிலும் கவனம் அதிகம் தேவைப்படுவது இங்கேதான். சட்டம் கேட்கும் அளவு ரொம்ப உயரமானது இல்லை. பணியால் வந்திருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு இருந்தாலே போதும். சாதகமும் பாதகமும் சரிசமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே போக வேண்டும். மருத்துவர் கடிதத்தில் பயன்படுத்த வேண்டிய ஆங்கிலத் தொடர் 'அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நாட்' என்பது, அதாவது இல்லை என்பதற்கு உள்ள அளவுக்காவது ஆம் என்பதற்கும் வாய்ப்பு இருக்கிறது. 'மே பி', 'குட் பி' (இருக்கலாம்) என்று எழுதினால் ஊகம் என்று ஒதுக்கிவிடுவார்கள். நல்ல மனதோடு எழுதித் தரும் மருத்துவர்களுக்கே இது தெரிவதில்லை. அதனால் கேட்கும்போதே இந்தத் தொடரை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தொடர் மட்டும் போதாது. 2008-இல் நியேவ்ஸ்-ரோட்ரிகஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னபடி, மருத்துவக் கருத்தின் எடை அதற்குக் கொடுக்கப்படும் காரணத்தில்தான் இருக்கிறது. மருத்துவர் எந்தெந்தப் பதிவுகளைப் பார்த்தார், பணியில் என்ன நடந்தது, அந்த வகை அடி அல்லது சுமை அந்த மூட்டை எப்படிப் பாதிக்கும், வயது, பரம்பரை, பிறவி அமைப்பு போன்ற மற்ற காரணங்களை ஏன் குறைவாக எடைபோடுகிறார் என்று அரைப் பக்கமாவது வர வேண்டும்.

நேரடித் தொடர்பு கிடைக்காவிட்டால் சுற்றுவழி ஒன்று உண்டு. முட்டிக்கோ கணுக்காலுக்கோ முதுகுக்கோ ஏற்கெனவே பணித் தொடர்பு கிடைத்திருந்தால், அந்தக் காலைக் காப்பாற்ற உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்து நடந்ததால் இடுப்பு மூட்டு கெட்டது என்று இரண்டாம் நிலைப் பாதிப்பாகக் கோரலாம். முட்டி வலியால் நடமாட்டம் குறைந்து எடை கூடி, அந்த எடை மூட்டைத் தேய்த்தது என்ற இடைச் சங்கிலியையும் வி.ஏ. 2017 முதல் ஏற்கிறது. பணித் தொடர்புள்ள வேறொரு நோய்க்காக நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்த ஓட்டமின்றிச் செத்துப்போவதும் இதே வகையில் வரும்.

இந்த வழியில் போனால் மருத்துவர் இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். முட்டி இதை உண்டாக்கியதா என்பது ஒன்று. வேறு காரணத்தால் வந்திருந்தாலும் முட்டி இதை மோசமாக்கியதா என்பது இன்னொன்று. வி.ஏ. பரிசோதகர் முதல் கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்று எழுதிவிட்டு இரண்டாவதைத் தொடாமல் விட்டிருந்தால், அந்த அறிக்கை குறையுள்ளது. அதையே உங்கள் வாதமாக வைக்கலாம்.

சதவீதம் எப்படிப் போடுகிறார்கள்

தொடர்பு கிடைத்து 10 சதவீதத்தோடு நின்றுபோனவர்களுக்கு இந்தப் பகுதி. இடுப்பு மூட்டை வி.ஏ. வலியின் கடுமையை வைத்து அளப்பதில்லை. எந்தப் பக்கம் எத்தனை டிகிரி அசைகிறது என்றுதான் பார்க்கிறது. அந்தக் கணக்கு இது:

தொடையை முன்பக்கம் மடக்கித் தூக்குவதற்கு இயல்பான அளவு 125 டிகிரி. அது 45 டிகிரியோடு நின்றால் 10 சதவீதம், 30-இல் நின்றால் 20, 20-இல் நின்றால் 30, 10-இல் நின்றால் 40. வி.ஏ.வின் மதிப்பீட்டு அட்டவணையில் இதன் குறியீட்டு எண் 5252.

தொடையைப் பின்பக்கம் நீட்டுவது 5 டிகிரியோடு நின்றால் 10 சதவீதம். குறியீடு 5251.

5253 என்ற குறியீட்டில் மூன்று அசைவுகள் இருக்கின்றன. காலைப் பக்கவாட்டில் 10 டிகிரிக்கு மேல் விரிக்க முடியாவிட்டால் 20 சதவீதம். கால்மேல் கால் போட முடியாவிட்டால் 10. பாதத்தை வெளிப்பக்கமாக 15 டிகிரிக்கு மேல் திருப்ப முடியாவிட்டால் 10. இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் மதிப்பீடு கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது: 5251, 5252, 5253 மூன்றும் ஒரே மூட்டின் வெவ்வேறு திசை அசைவுகள் என்பதால், ஒரே இடுப்புக்கு மூன்று தனி மதிப்பீடுகள் கிடைக்கலாம். அறிக்கையில் கால்மேல் கால் போட முடியவில்லை என்று பரிசோதகர் குறித்திருந்தும், முடிவுக் கடிதத்தில் 5252-க்கு மட்டும் 10 போட்டிருந்தால், விட்டுப்போன அந்த 10-ஐக் கேளுங்கள். இது ரொம்ப எளிதான திருத்தம். ஆனால் கேட்டால்தான் நடக்கும்.

நம் வீடுகளில் சம்மணம் போட்டு உட்காருவது இன்னும் இருக்கிறது. கோயிலில், விசேஷ வீட்டில், தரையில் இலை போட்டுச் சாப்பிடும்போது. சம்மணத்துக்குத் தொடை மடங்கவும் வேண்டும், விரியவும் வேண்டும், வெளிப்பக்கம் திரும்பவும் வேண்டும். ஆனால் விதி கேட்கும் 'கால்மேல் கால்' நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தொடையை மற்றொன்றின் மேல் போடுவது. அது எதிர்த்திசை அசைவு. உங்கள் வாக்குமூலத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். சம்மணம் முடியவில்லை என்று மட்டும் எழுதினால் படிப்பவர் அதை எந்தக் குறியீட்டில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிடக்கூடும்.

இப்போது நடைமுறைச் சிக்கலுக்கு வருவோம். இடுப்பு மூட்டு நன்றாகவே கெட்டுப்போனவர்களால்கூடத் தொடையை 80, 90 டிகிரி வரை தூக்கிவிட முடியும். அட்டவணைப்படி பார்த்தால் பூஜ்யம்தான் வரும். வலியோடு அசையும் மூட்டுக்குக் குறைந்தபட்ச மதிப்பீடாவது தர வேண்டும் என்ற விதி 4.59 இருப்பதால்தான் 10 சதவீதம் வருகிறது. அதற்கு மேலே ஏற, வலி ஏறும் நாட்களில் அந்த மூட்டு எவ்வளவு முடங்குகிறது என்பதைக் காட்ட வேண்டும். 1995-இன் டெலூகா வழக்கு முதல் நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன: வலி, சோர்வு, தளர்ச்சி, மறுபடி மறுபடி பயன்படுத்தியபின் வரும் இழப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2016-இல் கொரேயா வழக்கு, மூட்டைத் தானாக அசைத்தும் பிறர் அசைத்தும், எடை தாங்கும்போதும் தாங்காதபோதும், எதிர்ப்பக்க மூட்டோடு ஒப்பிட்டும் சோதிக்க வேண்டும் என்றது. 2017-இல் ஷார்ப் வழக்கு, பரிசோதனை நாளில் வலி ஏறியிருக்கவில்லை என்பதைக் காரணம் காட்டிப் பரிசோதகர் கைவிரிக்கக் கூடாது, நோயாளி சொல்வதை வைத்து அந்த நாட்களின் இழப்பை டிகிரியில் மதிப்பிட முயல வேண்டும் என்றது. 'ஊகிக்காமல் சொல்ல இயலாது' என்று உங்கள் அறிக்கையில் ஒரு வரி இருந்து அதற்குக் காரணம் சொல்லப்படாவிட்டால், நீங்கள் தேடிய ஓட்டை கிடைத்துவிட்டது.

பரிசோதனை அறையில்

மேல்முறையீட்டில் இன்னொரு பரிசோதனைக்குக் கூப்பிட்டால் கட்டாயம் போங்கள். தேதி ஒத்துவராவிட்டால் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

காலை அசைக்கச் சொல்லும்போது, வலி தொடங்கும் இடத்தில் 'இங்கே வலிக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். படையில் பழகிய வீறாப்பில் வலியை விழுங்கிக்கொண்டு கடைசி வரை தூக்கிக் காட்டினால், கடைசி எண் மட்டும் அறிக்கையில் ஏறும். மிகைப்படுத்தவும் வேண்டாம், மேசையில் அசையாத கால் வாகன நிறுத்தத்தில் அசைந்தால் அதையும் எழுதுவார்கள். கோணத்தைக் கோனியோமீட்டர் என்ற கோணமானி வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கண்ணால் பார்த்து எழுதினார்களா, வலி ஏறும் நாட்களைப் பற்றிக் கேட்டார்களா, எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று அன்று மாலையே தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

வலி ஏறும் நாட்களைப் பற்றி எப்படிச் சொல்வது? 'சில நேரம் ரொம்ப மோசமாக இருக்கும்' என்பது பயன்படாது. இப்படிச் சொல்லலாம்: 'மாதத்தில் மூன்று நான்கு தடவை வலி ஏறும். ஒரு தடவை வந்தால் இரண்டு நாள் இருக்கும். அந்த நாட்களில் காலுறை போட என்னால் குனிய முடியாது, மனைவிதான் போட்டுவிடுவார். தாழ்வான நாற்காலியில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் தொடை பாதிக்குப் பாதிகூட மடங்காது. கடைசியாக வந்தபோது வேலைக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தேன்.' எத்தனை முறை, எவ்வளவு நேரம், எந்த வேலை நிற்கிறது, எவ்வளவு மடங்குகிறது என்று நான்குமே இதில் வந்துவிட்டன. உங்களுக்கு உண்மையில் எப்படியோ அப்படி, உங்கள் எண்களோடு எழுதுங்கள். மூன்று மாதம் நாட்குறிப்பு வைத்திருந்தால் இன்னும் நல்லது.

மூன்று வழிகளில் எது

2017 ஆகஸ்டில் சட்டமாகி 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு மேல்முறையீட்டு முறையே மாறிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட அறிவுரைகளைப் பின்பற்றிப் பழைய படிவங்களை அனுப்பிவிடாதீர்கள்.

சப்ளிமென்டல் க்ளெய்ம், படிவம் 20-0995. புதிதாக, விஷயத்தோடு தொடர்புள்ள ஆதாரம் இருந்தால் இது. நெக்ஸஸ் கடிதம், புதிய எம்.ஆர்.ஐ., கூட இருந்தவரின் வாக்குமூலம் எல்லாம் இதில்தான் போகும். ஆதாரம் தேடுவதில் உதவ வேண்டிய கடமை வி.ஏ.வுக்கு இங்கே உண்டு. மூன்றாவது விஷயம், அதாவது இணைப்பு, இல்லாமல் தோற்றவர்களுக்கு என் தேர்வு எப்போதும் இதுதான்.

ஹையர் லெவல் ரிவ்யூ, படிவம் 20-0996. மூத்த அதிகாரி ஒருவர் அதே கோப்பைப் புதிதாகப் பார்ப்பார். புதிய தாள் ஒன்றுகூடச் சேர்க்க முடியாது. ஆனால் தொலைபேசியில் ஒருமுறை பேசலாம். படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். அந்த அழைப்பில் வாழ்க்கைக் கதை வேண்டாம். 'அறிக்கையில் இந்த இடத்தில் கால்மேல் கால் போட முடியவில்லை என்று இருக்கிறது, 5253 மதிப்பிடப்படவில்லை. இந்த இடத்தில் வலி ஏறும் நாட்களின் மதிப்பீடு காரணமின்றி விடப்பட்டிருக்கிறது' என்று இரண்டு மூன்று குறைகளைப் பக்க எண்ணோடு சொல்லி முடித்துவிடுங்கள். பரிசோதனை குறையுள்ளது என்று அவர் ஏற்றால், கோப்பு திரும்பிப் போய்ப் புதிய பரிசோதனை நடக்கும். கணக்குப் பிழைக்கும் பரிசோதகர் பிழைக்கும் இது நல்ல வழி.

போர்டு அப்பீல், படிவம் 10182. வெட்டரன்ஸ் சட்ட நீதிபதி ஒருவர் முடிவெடுப்பார். இருக்கும் கோப்பை மட்டும் பார்க்கச் சொல்லலாம். 90 நாளுக்குள் ஆதாரம் சேர்க்கலாம். நேரில் விசாரணையும் கேட்கலாம். விசாரணைக்கான வரிசை நீளமானது. கீழே ஏற்கெனவே முயன்று, சட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே சிக்கலாக நிற்கும்போது இங்கே வரலாம். போர்டும் மறுத்தால் 120 நாளுக்குள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதற்கு வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள்.

ஒரு வருடக் கெடு ஏன் இவ்வளவு முக்கியம்

காரணம் பணம்தான். 2023 மார்ச்சில் கோரிக்கை வைத்தீர்கள், 2024 ஜனவரியில் மறுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே ஆண்டு நவம்பரில் சப்ளிமென்டல் போட்டு வெற்றி பெற்றால், நிலுவைத் தொகை 2023 மார்ச்சிலிருந்து கணக்காகும். 2025 பிப்ரவரியில் போட்டிருந்தால் அந்தப் பிப்ரவரியிலிருந்துதான். ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு வழியில் அடுத்த அடி வைத்துக்கொண்டே இருந்தால் முதல் தேதி உயிரோடு இருக்கும்.

தொகையையும் பார்த்துவிடுவோம். 2024 டிசம்பர் 1 முதல் ஓராண்டுக்கு இருந்த விகிதப்படி, தன்னைச் சார்ந்த குடும்பத்தினர் இல்லாத தனிநபருக்கு மாதம் 10 சதவீதத்துக்கு 175.51 டாலர், 40-க்கு 774.16, 50-க்கு 1,102.04 கிடைத்தது. ஆண்டுதோறும் விலைவாசியோடு மாறும், வரி கிடையாது. சதவீதங்களைச் சாதாரணமாகக் கூட்ட மாட்டார்கள். வலது இடுப்புக்கு 30, இடதுக்கு 20 என்றால், முதலில் 30 போக மீதி 70. அந்த 70-இல் 20 சதவீதம் 14. மொத்தம் 44, அது 40 ஆகக் குறையும். ஆனால் இரண்டு காலும் பாதிக்கப்பட்டால் அந்த 44-இன் பத்தில் ஒரு பங்கை மேலே சேர்க்க வேண்டும்: 48.4, அது 50 ஆகும். அந்த விகிதப்படி மாதத்துக்கு 300 டாலருக்கு மேல் வித்தியாசம். ஒரு காலில் இடுப்பு, மறு காலில் முட்டி என்றாலும் இந்தச் சேர்க்கை உண்டு. அதைச் சேர்த்திருக்கிறார்களா என்று கடிதத்தில் பாருங்கள்.

மூட்டு மாற்று அறுவை செய்தவர்களுக்கு

குறியீடு 5054. 2021 பிப்ரவரி 7-க்குப் பிறகு, மருத்துவமனையிலிருந்து வந்தபின் முதல் ஒரு மாதம் முழு மதிப்பீடு, அதற்கப்புறம் நான்கு மாதம் 100 சதவீதம். முன்பு இது ஒரு வருடமாக இருந்தது. அந்தக் காலம் முடிந்ததும் பலருக்குக் குறைந்தபட்சமான 30-க்கு இறக்கிவிடுவார்கள். ஆனால் மிச்சமிருக்கும் தளர்ச்சி, வலி, அசைவுக் குறைவு ஆகியவற்றைப் பொறுத்து 50, 70 என்றும், ஊன்றுகோல் இல்லாமல் முடியாது என்ற நிலையில் 90 என்றும் படிகள் உண்டு. 50-க்கும் 70-க்கும் விதியில் உள்ள வருணனைச் சொற்களுக்கு அளவுகோல் எதுவும் கிடையாது. அதனால் அறுவைக்குப் பின்னும் என்னென்ன முடியவில்லை என்பதை உங்கள் மருத்துவர் விவரமாக எழுதுவதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

சென்னைக்கோ கோவைக்கோ வந்து அறுவை செய்துகொண்டவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக் குறிப்பு, பொருத்திய உலோக மூட்டின் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவையும் ஆதாரம்தான். பணித் தொடர்பு கிடைத்த பாதிப்புக்கு வெளிநாட்டில் சிகிச்சை பெற ஃபாரின் மெடிக்கல் ப்ரோக்ராம் என்று வி.ஏ.விலேயே ஒரு திட்டம் இருக்கிறது; முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு வாருங்கள்.

யாரிடம் உதவி கேட்பது

டிஸேபிள்டு அமெரிக்கன் வெட்டரன்ஸ், வெட்டரன்ஸ் ஆஃப் ஃபாரின் வார்ஸ், அமெரிக்கன் லீஜியன் போன்ற அமைப்புகளின் பிரதிநிதிகள் காசு வாங்காமல் செய்து தருவார்கள். 21-22 படிவத்தில் அவர்களை நியமிக்கலாம். வி.ஏ. முதல் முடிவு சொல்லும் வரை வழக்கறிஞர்கூடக் கட்டணம் வாங்க முடியாது. அதன்பின் நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணமாகக் கருதப்படும். அங்கீகாரம் பெற்றவரா என்று வி.ஏ.வின் பொதுச் சட்ட ஆலோசகர் அலுவலகத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். 'உங்கள் சதவீதத்தை ஏற்றித் தருகிறோம், ஏறியபின் ஐந்தாறு மாதத் தொகையைக் கொடுங்கள்' என்று வருகிற, அங்கீகாரம் இல்லாத நிறுவனங்களிடம் கையெழுத்துப் போடாதீர்கள். வலியில் இருப்பவர்களைத் தேடித்தான் அவர்கள் வருகிறார்கள்.

அனுப்பும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் ஏற்றினால் பதிவான தேதி தெரியும்படி அந்தப் பக்கத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கெடு முடிய இரண்டு வாரம்தான் இருக்கிறது, மருத்துவர் கடிதம் இன்னும் வரவில்லை என்றால், கையிலிருக்கும் வாக்குமூலத்தை வைத்தே 20-0995-ஐப் போட்டுவிட்டு, மருத்துவரின் கடிதம் பின்னால் வருகிறது என்று அதில் குறிப்பிடுங்கள். வி.ஏ. முடிவெடுக்கும் முன் கடிதத்தைச் சேர்த்துவிடலாம்.